எல்லைக்கு அப்பால் ஒரு பள்ளிக்கூடம்

ஜோகனஸ்பர்க்கிலிருந்து கிழக்கே சுமார் 350 கிலோமீட்டர். நிலக்கரிச் சுரங்கங்களும் அனல்மின் நிலையப் புகைபோக்கிகளும் நிறைந்த சமவெளி முடிந்து, புல்வெளி மலைகளாக மடியத் தொடங்கும் இடத்தில் ஓஷூக் எல்லைச் சாவடி வருகிறது. அந்தப் பக்கம் ஸ்வாஸிலாந்து. 2018இல் மன்னர் எஸ்வாட்டினி என்று பெயர் மாற்றினார். நாகாலாந்தைவிடச் சற்றே பெரிய ராஜ்யம். மூன்று பக்கம் தென்னாப்பிரிக்கா, மிச்சமிருக்கும் கிழக்கில் மொஸாம்பிக். எல்லை தாண்டியதும் ங்வென்யா மலை. நாற்பதாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் செம்மண் காவி தோண்டிய சுரங்கம் அங்கே இருக்கிறது. அதைக் கடந்து கால் மணி நேரம் காரில் போனால் தலைநகர் ம்பபானே. ஊருக்கு மேலே ஒரு மலைச்சரிவில் வாட்டர்ஃபோர்ட் காம்ஹ்லாபா என்ற பள்ளி.

விடுதி, வகுப்பறைகள், மைதானம், கையில் புத்தகங்களுடன் நடக்கும் பிள்ளைகள். கறுப்பு, பழுப்பு, வெள்ளை என்று எல்லா நிறத்திலும் இருக்கிறார்கள். இதில் என்ன விசேஷம் என்று இன்று யாருக்கும் கேட்கத் தோன்றும். 1963இல் தெற்கு ஆப்பிரிக்காவில் இப்படி ஒரு காட்சியைக் காண்பதற்காகவே ஒரு பள்ளியை நாடு விட்டு நாடு கொண்டுவர வேண்டியிருந்தது.

கதை தொடங்குவது இந்த மலையில் அல்ல, ஜோகனஸ்பர்க்கின் தென்புறத்தில் உள்ள ரோஸெட்டன்வில்லில். அங்கே ஆங்கிலிக்கன் துறவிகள் நடத்திய செயின்ட் பீட்டர்ஸ் என்ற பள்ளி கறுப்பு மாணவர்களின் ஈட்டன் என்று சொல்லப்பட்டது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவராகப் பல்லாண்டு வெளிநாட்டில் வாழ நேர்ந்த ஆலிவர் டாம்போ அங்கே படித்து, பிறகு அங்கேயே அறிவியலும் கணக்கும் கற்பித்தவர். டிரம்பெட் இசைக்கலைஞர் ஹியூ மஸகேலாவும் அங்கே படித்தார். அவருக்கு முதல் டிரம்பெட்டை வாங்கித் தந்தவர் அந்தப் பள்ளியின் பொறுப்பில் இருந்த பாதிரியார் ட்ரெவர் ஹடில்ஸ்டன்.

1953இல் பாண்டு கல்விச் சட்டம் வந்தது. ஆப்பிரிக்கப் பிள்ளைகளின் கல்வியை மிஷன்களின் கையிலிருந்து பிடுங்கி அரசின் சுதேசி விவகாரத் துறையிடம் ஒப்படைத்த சட்டம். அந்தத் துறையின் அமைச்சர் ஹென்ட்ரிக் ஃபெர்வூர்ட். தம் நோக்கத்தை அவர் மறைக்கவில்லை. வெள்ளையர் சமூகத்தில் கூலிவேலைக்கு மேல் இடமில்லாத ஒரு பிள்ளைக்குக் கணக்கு கற்றுக்கொடுத்து என்ன பயன் என்ற பொருளில் வெளிப்படையாகவே பேசினார். மிஷன் பள்ளிகளுக்கு இரண்டே வழிகள் இருந்தன: அரசிடம் ஒப்படைப்பது, அல்லது மானியம் இழந்து தள்ளாடுவது. பல மிஷன்கள் ஒப்படைத்தன. ஹடில்ஸ்டனின் துறவிகள் மூன்றாவது வழியை எடுத்தார்கள். அடிமைப் பாடம் நடத்துவதைவிடக் கதவைச் சாத்துவது மேல் என்று முடிவு செய்தார்கள். 1956 கடைசியில் செயின்ட் பீட்டர்ஸ் மூடப்பட்டது.

அந்தக் கடைசி நாட்களில் தலைமை ஆசிரியராக இருந்தவர் மைக்கேல் ஸ்டெர்ன் என்ற ஆங்கிலேயர். பள்ளியை மூடியதும் ஊருக்குத் திரும்பியிருந்தால் அவர் கதை அத்தோடு முடிந்திருக்கும். 1958இல் அதே வளாகத்தில் செயின்ட் மார்ட்டின்ஸ் என்ற புதுப் பள்ளி திறக்கப்பட்டது. அதன் தலைமை ஆசிரியரும் ஸ்டெர்ன்தான். அதே கட்டடங்கள், அதே ஆசிரியர். ஆனால் இப்போது வெள்ளைப் பையன்கள் மட்டுமே சேரலாம். டாம்போ படித்த வகுப்பறையில் டாம்போவின் நிறத்தவர் இனி நுழைய முடியாது. மூன்று நான்கு ஆண்டுகள் அவர் அங்கே தாக்குப்பிடித்தார். இந்த நாட்டுக்குள் எந்தப் பள்ளிக்கூடத்தில் வேலை செய்தாலும் ஏதாவது ஒரு நிறத்துப் பிள்ளையை வாசலில் தடுக்க வேண்டியிருக்கும் என்பது அவருக்குத் தெளிவாகிவிட்டது.

அன்றைய தென்னாப்பிரிக்கச் சட்டத்தின் விசித்திரங்கள் அப்படி. 1950ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் ஒவ்வொரு மனிதனுக்கும் ஒரு நிறத்தை எழுதிவைத்தது: வெள்ளையர், ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர். இந்தியர்களுக்குப் பின்னர் தனிக் கட்டம். வசிக்கும் தெரு, உட்காரும் பெஞ்சு, படிக்கும் பள்ளி எல்லாம் அந்தக் கட்டத்தைப் பொறுத்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக 1860 முதல் நேட்டாலுக்குக் கப்பலேறிய தமிழர்களின் பேரப்பிள்ளைகளும் இதற்குத் தப்பவில்லை. பல்கலைக்கழகங்களையும் நிறவாரியாகப் பிரித்தபோது, இந்தியர்களுக்கென்று ஒதுக்கப்பட்ட கல்லூரி 1961இல் டர்பன் துறைமுகத்தின் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கொட்டகைகளில் தொடங்கியது. மாணவர்கள் தினமும் தண்ணீரைத் தாண்டி வகுப்புக்குப் போனார்கள்.

ஸ்டெர்ன் ஸ்வாஸிலாந்தைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வரைபடத்திலேயே இருக்கிறது. ஜோகனஸ்பர்க்கிலிருந்து ஒரு நாளில் காரில் போய்ச் சேரலாம். ஆனால் பிரிட்டிஷ் பாதுகாப்பில் இருந்த நாடு. ஃபெர்வூர்டின் சட்டம் அங்கே செல்லாது. அதற்காக ஸ்வாஸிலாந்தைச் சமத்துவத்தின் சொர்க்கம் என்று நினைத்துவிடக் கூடாது. பிரிட்டிஷ் அதிகாரிகளின் கிளப்பும் பள்ளியும் அங்கேயும் நிறம் பார்த்தன. ஒரே வித்தியாசம், அது சட்டமாக இல்லாமல் பழக்கமாக இருந்தது. பழக்கத்தை மீறினால் முகச்சுளிப்புதான் கிடைக்கும், சிறை கிடைக்காது.

தனியார் நன்கொடை திரட்டி மலைச்சரிவில் நிலம் பிடித்தார்கள். கட்டட வடிவமைப்பைச் செய்தவர் எல்லைக்கு அந்தப் புறம், மொஸாம்பிக்கின் லொரென்ஸோ மார்க்கெஸ் நகரில் (இன்றைய மபுட்டோ) இருந்த போர்ச்சுகீசியக் கட்டடக் கலைஞர் பாஞ்சோ கெடெஸ். கற்பனை வளத்துக்குப் பேர்போனவர். 1963 பிப்ரவரியில் 16 பையன்களுடன் பள்ளி தொடங்கியது. பதினாறு பேர் என்றால் ஒரு கிரிக்கெட் அணியும் ஐந்து பதிலிகளும். ஆனால் வெவ்வேறு நிறத்துப் பதினாறு பேர் ஒரே கூரையின் கீழ் உறங்கி, ஒரே மேஜையில் சாப்பிட்ட உறைவிடப் பள்ளி அதற்கு முன் தெற்கு ஆப்பிரிக்காவில் இருந்ததில்லை.

ஆண்டைக் கவனிக்க வேண்டும். 69 பேரைப் பலிகொண்ட ஷார்ப்வில் துப்பாக்கிச்சூடு நடந்து மூன்று ஆண்டுகளே ஆகியிருந்தன. பள்ளி திறந்த ஐந்தாம் மாதம், ஜூலையில், ஜோகனஸ்பர்க் அருகே ரிவோனியா பண்ணையில் போலீஸ் புகுந்து ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸின் தலைவர்களை வளைத்தது. ஆகஸ்டில் சிறையிலிருந்து தப்பிய ஆர்தர் கோல்ட்ரைக்கும் ஹெரால்ட் வோல்ப்பும் பாதிரியார் வேடத்தில் வெளியேறியது இந்த ஸ்வாஸிலாந்து வழியாகத்தான். அடுத்த ஆண்டு ஜூனில் நெல்சன் மண்டேலாவுக்கு ஆயுள் தண்டனை. தலைவர்கள் ராபென் தீவுக்குப் போனார்கள். அவர்களுடைய பிள்ளைகள் எங்கே போவது?

இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான் வாட்டர்ஃபோர்ட். மண்டேலாவின் மகள்கள் ஜெனானியையும் ஜிண்ட்ஸியையும் ஜோகனஸ்பர்க்கில் எந்தப் பள்ளியில் சேர்த்தாலும் பின்னாலேயே போலீஸ் போய் நின்றது. தாய் வின்னி தடையுத்தரவில் இருந்தார். தடை விதிக்கப்பட்டவர் கல்விக்கூடத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்பதால், மகளைப் பள்ளிக்கு அழைத்துப் போகும் சாதாரண உரிமைகூட அவருக்கு இல்லை. பிள்ளைகள் முதலில் ஸ்வாஸிலாந்தின் ஒரு கத்தோலிக்கப் பள்ளிக்கு அனுப்பப்பட்டார்கள். பிறகு ஈட்டனின் முன்னாள் தலைமை ஆசிரியர் ராபர்ட் பர்லியும் அவர் மனைவியும் முயற்சி எடுத்து வாட்டர்ஃபோர்டில் இடம் வாங்கித் தந்தார்கள்.

ராபென் தீவின் விதிப்படி 16 வயதுக்கு உட்பட்டவர்கள் கைதியைப் பார்க்க முடியாது. தந்தையைப் பற்றி ஜிண்ட்ஸிக்குத் தெரிந்ததெல்லாம் கடிதங்களும் பழைய புகைப்படங்களும்தான். 1975இல், பதினைந்து வயதில், வயதைத் திருத்திய சான்றிதழுடன் வின்னி அவளைத் தீவுக்குக் கூட்டிப்போனார். மூன்று வயதுக் குழந்தையாக விட்டுவந்த மகளை மண்டேலா கண்ணாடிக்கு அப்பால் பார்த்தார். ஜெனானியின் கதை வேறு மாதிரி திரும்பியது. பள்ளிக் காலத்தில் அறிமுகமான ஸ்வாஸி மன்னர் சோபுஸாவின் மகன்களில் ஒருவரை அவர் மணந்தார். அரச குடும்பத்து உறுப்பினர் என்ற முறையில் தூதரகச் சலுகை கிடைத்தது. அந்தச் சலுகையில் 1978இல் கைக்குழந்தையோடு ராபென் தீவுக்கு வந்தபோது நடுவில் கண்ணாடி இல்லை. மகளைக் கட்டிக்கொண்டதும், சந்திப்பு முழுக்கப் பேத்தியைக் கையிலேயே வைத்திருந்ததும் மண்டேலாவின் சுயசரிதையில் மறக்க முடியாத பக்கங்கள். குழந்தைக்கு அவர் வைத்த பெயர் ஸாஸிவே. நம்பிக்கை என்று பொருள்.

டெஸ்மண்ட் டுட்டுவின் குடும்பமும் இதே பாதையில் வந்தது. டுட்டுவும் மனைவி லியாவும் ஆசிரியர்கள். பாண்டு கல்விச் சட்டம் வந்தபோது, இந்தப் பாடத்தை எங்கள் பிள்ளைகளுக்கு நடத்த மாட்டோம் என்று இருவரும் வேலையை விட்டவர்கள். அவர் பாதிரியார் ஆனதே அந்த ராஜினாமாவுக்குப் பிறகுதான். அப்படிப்பட்டவர் தம் பிள்ளைகளை எங்கே படிக்கவைப்பார்? 1960களின் பிற்பகுதியில் அவர் தெற்கே கேப் மாகாணத்து ஆலிஸ் என்ற ஊரில் இறையியல் கற்பித்துக்கொண்டிருந்தார். பிள்ளைகளோ நாட்டின் மறுகோடிக்கும் அப்பால், ஸ்வாஸிலாந்தில். விடுமுறைக்கு அழைத்து வரவும் கொண்டுபோய் விடவும் நாடு முழுவதையும் காரில் கடக்க வேண்டும். வழியில் வெள்ளையர் ஹோட்டல்களில் கறுப்பர்களுக்கு அறை கிடையாது. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு கிளம்பி, சாலையோரத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு மறுபடி வண்டியை எடுக்க வேண்டும். வாட்டர்ஃபோர்டின் கட்டணத்தைப் பற்றிப் பேசுபவர்கள் இந்தப் பயணத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பள்ளியின் பழைய மாணவர் பட்டியல் சுவாரஸ்யமானது. பிரிட்டிஷ் பெண்ணை மணந்ததற்காக நாடு கடத்தப்பட்டு, பின்னாளில் போட்ஸ்வானாவின் முதல் ஜனாதிபதியான செரெட்ஸே காமாவின் மகன் இயான் காமா. அவரும் 2008இல் ஜனாதிபதியானார். வால்டர் சிசுலுவின் மகள் லிண்டிவே, பின்னாளில் தென்னாப்பிரிக்க அமைச்சர். எழுத்தாளர் நடீன் கார்டிமரின் மகன். பிரிட்டனின் கன்சர்வேடிவ் எம்.பி.யாகவும் பத்தி எழுத்தாளராகவும் அறியப்பட்ட மாத்யூ பாரிஸ். ம்பபானேயிலேயே பிறந்த ஹாலிவுட் நடிகர் ரிச்சர்ட் இ. கிராண்ட், காலனி ஆட்சியின் கடைசி நாட்களை அவர் 2005இல் ‘வா-வா’ என்று படமாகவே எடுத்தார்.

பட்டியலைப் படிக்கையில் ஒரு சங்கடமும் எழுகிறது. இது தலைவர்களின் பிள்ளைகளுக்கான பள்ளியா? உதவித்தொகை உண்டு என்றாலும் வாட்டர்ஃபோர்ட் தொடக்கம் முதலே கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி. அலெக்ஸாண்ட்ராவின் தகரக் குடிசையில் பிறந்த பையனுக்கு ஸ்வாஸிலாந்தும் ஒன்றுதான், ஸ்விட்சர்லாந்தும் ஒன்றுதான். பாஸ்போர்ட் வேண்டும், கொடுப்பதும் மறுப்பதும் அரசின் இஷ்டம். லட்சக்கணக்கான கறுப்புப் பிள்ளைகள் பாண்டு பாடத்திட்டத்தில் உழன்றபோது, சில நூறு பேருக்கு மலைமேல் கண்ணியமான கல்வி.

இதே நாட்டில் இதே கேள்வியைச் சந்தித்த ஒரு இந்தியர் வேறு விதமாக முடிவெடுத்தார். 1897இல் காந்தி டர்பனில் குடியேறியபோது பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டியிருந்தது. ஐரோப்பியர் பள்ளியில் அவர் பிள்ளைகளுக்கு மட்டும் விதிவிலக்காக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை தமக்கும் வேண்டாம் என்று மறுத்துவிட்டார். 1910இல் ஜோகனஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையில் சத்தியாக்கிரகிகளின் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவ, பார்சிப் பிள்ளைகளை ஒன்றாக உட்காரவைத்துத் தாமே பாடம் நடத்தினார். அங்கிருந்த தமிழ்ப் பிள்ளைகளுக்குத் தமிழும் கற்பித்தார், ஜி.யு. போப்பின் கையேட்டைத் தாண்டாத தம் தமிழறிவை வைத்துக்கொண்டு. அந்த முடிவுக்கு விலை கொடுத்தவர்கள் அவருடைய மகன்கள். முறையான பள்ளிப் படிப்பு இல்லாமல் போனதை, குறிப்பாக மூத்தவர் ஹரிலால், கடைசிவரை மன்னிக்கவில்லை.

மண்டேலாவையும் டுட்டுவையும் குறை சொல்வது எளிதல்ல என்பதற்கு இந்த உதாரணமே போதும். காந்தி மறுத்த சலுகை அநீதியான அமைப்பே தரும் விதிவிலக்கு. வாட்டர்ஃபோர்ட் அந்த அமைப்புக்கு வெளியே நின்றது. அங்கே சேர்ந்த வெள்ளைப் பையனின் பெற்றோரையும் கணக்கில் எடுக்க வேண்டும். அரசே பொன்தட்டில் வைத்துக் கொடுத்த நல்ல பள்ளிகளை விட்டுவிட்டு, அண்டை வீட்டார் என்ன சொல்வார்களோ என்ற யோசனையையும் மீறி, மகனை எல்லை தாண்டி அனுப்பியவர்கள் அவர்கள். வேறு நிறத்துப் பையனை வேலைக்காரனாக அல்லாமல் பக்கத்துக் கட்டில்காரனாக அவர்கள் பிள்ளைகள் பார்த்தது அங்கேதான்.

காம்ஹ்லாபா என்ற பெயர் பிறகு சேர்ந்தது. 1967இல் பள்ளிக்கு வந்த மன்னர் இரண்டாம் சோபுஸா சூட்டியது. ஸ்வாஸி மொழியில் மண்ணைச் சேர்ந்தது, உலகத்தைச் சேர்ந்தது என்ற இரு அர்த்தமும் வரும்; நிற, மத பேதமற்ற சின்ன உலகம் என்பது கருத்து. அடுத்த ஆண்டு செப்டம்பரில் நாடு சுதந்திரம் பெற்றது. ஆனால் சுதந்திரம் பெற்றுத் தந்த அரசியல் சட்டத்தை 1973இல் அதே சோபுஸா ரத்து செய்து கட்சிகளைத் தடை செய்தார். வாட்டர்ஃபோர்டின் வகுப்பறையில் ஜனநாயகத்தைப் பற்றித் தாராளமாக விவாதிக்கலாம். வாசலுக்கு வெளியே கட்சி வைக்க முடியாது. சோபுஸாவின் மகன் மூன்றாம் ம்ஸ்வாட்டி ஆளும் இன்றும் கட்சிகள் தேர்தலில் நிற்க முடியாது. 2021இல் சீர்திருத்தம் கேட்டு வீதிக்கு வந்த இளைஞர்கள் பலர் சுடப்பட்டு இறந்தார்கள்.

1976 ஜூன் 16. ஆஃப்ரிகான்ஸ் மொழித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் போன ஸவெட்டோ மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. தொடர்ந்த மாதங்களில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் எல்லைகளைத் தாண்டி ஓடினார்கள். ஸ்வாஸிலாந்து அவர்களின் முக்கியமான வழிகளில் ஒன்று. பாண்டு கல்வியின் பலன் தென்னாப்பிரிக்க அரசின் கையிலேயே வெடித்தது. கத்தோலிக்கத் தனியார் பள்ளிகள் சில சட்டத்தை மீறிக் கறுப்புப் பிள்ளைகளைச் சேர்க்கத் தொடங்கியது இந்தச் சமயத்தில்தான். பதின்மூன்று ஆண்டுகளாக எல்லைக்கு அப்பால் ஓர் உறைவிடப் பள்ளி சண்டை சச்சரவின்றி நடந்துவந்தது அவர்களுக்குத் தெரியாத செய்தி அல்ல.

எண்பதுகளில் எல்லையே பாதுகாப்பாக இல்லை. 1982இல் ஸ்வாஸிலாந்து தென்னாப்பிரிக்காவுடன் ரகசியப் பாதுகாப்பு ஒப்பந்தம் செய்துகொண்டது 1984இல்தான் வெளியே தெரிந்தது. ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸைச் சேர்ந்தவர்கள் ஸ்வாஸி நகரங்களில் தேடித் தேடிக் கொல்லப்பட்டார்கள்.

பள்ளிக்கு இதற்குள் வேறொரு உறவு ஏற்பட்டிருந்தது. 1962இல் வேல்ஸ் கடற்கரைக் கோட்டை ஒன்றில், நாஜிகளிடமிருந்து தப்பிய கல்வியாளர் குர்ட் ஹானின் யோசனையில் அட்லாண்டிக் கல்லூரி தொடங்கியது. பனிப்போரின் இரு பக்கத்து இளைஞர்களையும் சேர்த்துப் படிக்கவைக்கும் முயற்சி அது. யுனைடெட் வேர்ல்டு காலேஜஸ் என்ற அமைப்பாக அது வளர்ந்தது. 1981இல் வாட்டர்ஃபோர்ட் அதில் நான்காவது உறுப்பினராகச் சேர்ந்தது. இன்று உலகெங்கும் பதினெட்டுப் பள்ளிகள். இந்தியாவில் 1997இல் புனே அருகே தொடங்கிய மகிந்திரா கல்லூரி அதே குடும்பம். 1995இல் மண்டேலா இந்த அமைப்பின் தலைமைப் பொறுப்பை ஜோர்டானின் நூர் ராணியுடன் பகிர்ந்துகொண்டார். மகள்களோடு பேரப்பிள்ளைகளும் வாட்டர்ஃபோர்டில் படித்த குடும்பத்துக்கு அது வெறும் அலங்காரப் பதவி அல்ல.

1994 ஏப்ரலில் தென்னாப்பிரிக்கர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஓட்டுப் போட்டார்கள். பள்ளிக் கதவுகள் அதற்குச் சற்று முன்பே திறக்கத் தொடங்கியிருந்தன. எந்தச் சட்டத்துக்கு எதிராகக் கட்டப்பட்டதோ அந்தச் சட்டமே போன பிறகு, இந்தப் பள்ளி எதற்கு? வயது வந்தவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று உள்ள நாடு அது. பெற்றோரை எய்ட்ஸுக்குப் பறிகொடுத்த ஒரு தலைமுறையே அங்கே வளர்ந்தது. நிறத்தைப் போலவே பணமும் ஒரு வாசற்காவலன்தான் என்பதைப் பள்ளி எந்த அளவு மனதில் வைக்கிறது என்பதைப் பொறுத்தது அதன் அடுத்த அத்தியாயம்.

மைக்கேல் ஸ்டெர்ன் 2002இல் இறந்தார். பின்னாளில் பள்ளியின் தலைமை ஆசிரியராக இருந்தவர்களில் ஒருவர் ரிச்சர்ட் ஐயிங்டன். பல ஆண்டுகள் வாட்டர்ஃபோர்டில் கழித்த ஆங்கிலேயர். ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவரும் மனைவி ஈனிடும் சோமாலிலாந்துக்குப் போனார்கள். உள்நாட்டுப் போரில் சிதைந்த ஷேக் என்ற ஊரின் பழைய உயர்நிலைப் பள்ளி 2003 தொடக்கத்தில் மீண்டும் திறக்கப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பு அவருக்கு. அந்த ஆண்டு அக்டோபரில் ஒரு இரவு, பள்ளி வளாகத்து வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த தம்பதியை வெளியிலிருந்து சுட்டுக் கொன்றார்கள். ஷேக் பள்ளி அதன் பிறகும் தொடர்ந்து நடந்தது.